சாப்பாட்டின் பின்பாதி

பிரதாப் கோட்டைக்குப்பத்துக்கு முதல் தடவை வந்தபோது வெள்ளைக் காலணி அணிந்திருந்தார். மழை விட்ட மறுநாள் அது. பழவேற்காட்டு ஏரிக்கரைச் சேற்றைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார் என்பது பின்னால் தெரியவந்தது. புயல் பாதுகாப்பு மையத்தின் படியில் உட்கார்ந்து, ஒரு குச்சியால் காலணியைச் சுரண்டிக்கொண்டே, இந்த ஊரின் மீன் விற்பனையை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறார் என்று குழுத் தலைவர் தேவேந்திரனிடம் விளக்கினார். தேவேந்திரன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரதாப்பை அனுப்பியது சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளை. முந்தைய ஆண்டு ஊர் விற்பனைக் குழுவுக்கு ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்ததும் அவர்கள்தான். நண்டு, இறால், ஏரி மீன், கருவாடு என்று விற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அதில் அவர் படம், சரக்கின் விவரம், கைபேசி எண். எழுதியதும் படம் எடுத்ததும் சுபஸ்ரீ. பொன்னேரியில் கணினி படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் ஊரோடு இருந்தவள். நண்டுப் பக்கத்தில், காற்று பலமாக இருக்கும் நாட்களில் நண்டு வராது, அப்போது வாளைக் கருவாடு கேளுங்கள் என்று எழுதி, 'வாளைக் கருவாடு' என்ற சொல்லைத் தொட்டால் பச்சையம்மாவின் பக்கம் திறக்கும்படி செய்திருந்தாள். இறால் பக்கத்திலும் அப்படி ஒன்று. கடைக்கு வந்தவரிடம் பக்கத்துக் கடையைக் கை காட்டுவதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கை காட்டல்களைத் தேடுபொறி எண்ணியது. சென்னையில் இருக்கும் ஒருவர் பழவேற்காட்டுக் கருவாடு என்று தேடினால் பச்சையம்மாவின் முகம் முதலில் வந்தது.

பச்சையம்மா சுபஸ்ரீயின் அத்தை, அப்பாவின் அக்கா. புருஷன் இல்லை. முழங்கால் வீங்கிப் பஸ் படி ஏற முடியாமல் போன பிறகு, கூடையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி சந்தைக்குப் போவது நின்றுவிட்டது. மொத்த வியாபாரி ஒருவன் வீட்டுக்கே வந்து எடுத்தான். அவள் பதமாகக் காயவைத்த வாளையைக் காலால் புரட்டிப் பார்த்து, கோழித் தீவனத்துக்குத்தான் ஆகும் என்று சொல்லி எடுத்தான். இணையப் பக்கம் வந்த பிறகு அவனிடம் ஒரு நாள், "உன் காலத் தூக்கிக்கினு போய்ட்டு வா" என்றாள். கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பெண்கள் அவளையே கூப்பிட்டுக் கேட்டார்கள். பார்சலைச் சுபஸ்ரீ அனுப்பினாள். அந்தப் பக்கம் இருக்கும்வரை அந்தக் கால் வாசலுக்கு வராது.

பிரதாப் நடத்திய முதல் கூட்டத்துக்கு ஏறக்குறைய எல்லோரும் வந்திருந்தார்கள். பிரியாணிப் பொட்டலம் உண்டு என்று சொல்லப்பட்டிருந்தது. சுவரில் படம் காட்டினார். வட்டங்கள், அம்புக்குறிகள், நடுவில் ஒரு கிரீடம்.

"ஒரு பேஜ்லருந்து இன்னொரு பேஜுக்குக் குடுக்கிறதுதான் இன்டர்னல் லிங்க். அது ஒரு சிபாரிசு மாதிரி. சிபாரிசு ஜாஸ்தி ஆக ஆக, சர்ச்ல மேல வருவீங்க."

"சிபாரிசுன்னா நமக்குத் தெரியும் சார்," என்றார் தேவேந்திரன். அவர் தலைவரானதே அப்படித்தான்.

"ஆனா இப்ப உங்க சைட்ல எல்லாரும் எல்லாருக்கும் சிபாரிசு பண்றீங்க. அப்புறம் யார் ராஜா? ஒரு பேஜை ராஜா ஆக்கணும். மத்ததெல்லாம் அதுக்கு லிங்க் குடுக்கணும்."

"எந்தப் பக்கத்த சார்?" என்று கேட்டார் தேவேந்திரன், விடை தெரிந்தவரின் முகத்தோடு.

அவருடைய பக்கத்தின் பெயர் 'பாடு'. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களை ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று இந்தக் கூட்டத்துக்கு, நாளை அந்தக் கூட்டத்துக்கு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு இல்லாத நாளில் வலையோடு அந்த இடத்துக்குப் போனால் சண்டை வரும். பெண்களுக்குப் பாடு கிடையாது. புருஷன் செத்துப்போன பச்சையம்மாவுக்கு அவர் இருந்த காலத்தில் இருந்த பங்கும் போயிற்று. இந்த முறையைப் பற்றித் தேவேந்திரன் தன் பக்கத்துக்காக நீளமாகச் சொல்ல, சுபஸ்ரீ எழுதியிருந்தாள். மேலே அவர் படம் மூன்று. நடுவில் இந்த வாரம் யாருக்குப் பாடு என்ற பட்டியல். கீழே கைபேசி எண்.

பாடு என்ற சொல்லைக் கேட்டதும் பிரதாப் எழுந்தே நின்றுவிட்டார்.

"சூப்பர்! போட்டியே இல்லாத கீவேர்ட். இந்த வார்த்தைக்கு வேர்ல்டுலயே நாமதான் நம்பர் ஒன்."

"வேற எவனுக்கும் அது வாணாமே நைனா," என்றார் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆதிநாராயணன். அவர் நண்டுக்காரர். சிரிப்பு அடங்கியதும் பிரதாப்பும் சிரித்தார். எதற்கென்று அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் கருவாட்டுக்கு வந்தார். முகப்புப் பட்டியிலிருந்து கருவாட்டை எடுத்துவிட்டதாகவும், மற்ற பக்கங்களிலிருந்து அதற்குப் போன இணைப்புகளையும் வெட்டிவிட்டதாகவும் சொன்னார். பிரீமியம் வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் கருவாட்டு வாடை அடிக்கக் கூடாதாம்.

"கம்ப்யூட்டர்ல இன்னா வாட அடிக்கப் போவுது?" என்றாள் பச்சையம்மா.

"அது ஒரு ஃபீல்மா. இப்ப பாருங்க, உங்க பேஜுக்கு எந்தப் பேஜ்லருந்தும் லிங்க் இல்ல. இதை நாங்க ஆர்ஃபன்னு சொல்லுவோம். தமிழ்ல அநாதை. இது அநாதைப் பக்கம்."

பச்சையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"யாரு அநாத?"

"உங்களச் சொல்லலமா. உங்க பேஜச் சொன்னேன்."

"அதுல யார் மூஞ்சி கீது?"

பிரதாப் சுவரைத் திரும்பிப் பார்த்தார். வாளை மீன் தோரணத்துக்கு முன்னால் பச்சையம்மாவின் முகம்தான் இருந்தது.

"ரெண்டு புள்ளயப் பெத்து, மருமவ எடுத்து, பேரனுக்குக் காது குத்திட்டேன். நான் அநாதையா? நீதானே எல்லாத்துலருந்தும் என்னை எடுத்துட்டேன்னு இப்ப சொன்ன? ஊட்டவுட்டுத் தொரத்திட்டு, அநாதைன்னு நீயே பேரும் வெச்சா எப்டி நைனா?"

நியாயமான கேள்வி. "யக்கா, கம்முனு உக்காரு, சார் படிச்சவரு," என்றார் தேவேந்திரன். பிரதாப் தண்ணீர் குடித்துவிட்டு, தான் மனிதாபிமானி என்பதைக் காட்டினார். பொங்கல் வரை அந்தப் பக்கத்தை வைத்திருக்கலாம். அதற்குள் ஆட்கள் வராவிட்டால் நீக்கிவிட வேண்டும். அநாதைப் பக்கம் ஒன்று இருந்தால் மற்ற பக்கங்களுக்கும் கெட்ட பெயர். அதுவரை தன்னைக் கேட்காமல் யாரும் எந்தப் பக்கத்துக்கும் புது இணைப்புப் போடக் கூடாது. 'யாரும்' என்றபோது சுபஸ்ரீயைப் பார்த்தார். குழு தலையாட்டியது. பொட்டலங்கள் வந்தன.

ஒரு வாரத்தில் பச்சையம்மாவின் கைபேசி ஓய்ந்தது. தேடினால் அவள் முகம் வரவில்லை. அடுத்த பக்கத்திலும் வரவில்லை. வாசலில் காய்ந்த வாளை அடுக்கு உயர்ந்தது. மொத்த வியாபாரி ஒரு நாள் மோட்டார் சைக்கிளை அந்தப் பக்கம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். நிறுத்தவில்லை. நிறுத்த அவசரம் இல்லை என்பது அவன் போன விதத்தில் தெரிந்தது.

"எப்போடி பொங்கலு?" என்று சுபஸ்ரீயைக் கேட்டாள் பச்சையம்மா. அவளுக்குத் தெரியாமல் இல்லை.

இணைப்புகளைக் கையால் போடுவது பிரதாப்பின் தகுதிக்குக் குறைவு. அதற்கு ஒரு கருவி வைத்திருந்தார். அதில் ஒரு சொல்லையும் ஒரு பக்கத்தின் முகவரியையும் கொடுத்தால், தளத்தில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் தானாக நீல நிறமாகி அந்தப் பக்கத்துக்கு இணைந்துவிடும். ஆங்கிலத்துக்குச் செய்த கருவி. ஆங்கிலத்தில் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியும். தமிழில் தெரியாது. கேட்ட இரண்டு எழுத்து எங்கே இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். பிரதாப் 'பாடு' என்று கொடுத்துவிட்டு மகாபலிபுரத்துக்கு விடுமுறைக்குப் போனார்.

மறுநாள் காலையில் சுபஸ்ரீ தளத்தைத் திறந்தாள். முகப்பில், ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்காக, 'மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்து தரப்படும்' என்று ஒரு வரி உண்டு. அதில் 'சாப்' கறுப்பாக இருந்தது, 'பாடு' நீலமாக இருந்தது. 'ஏற்' கறுப்பு, 'பாடு' நீலம். தரக் கட்டுப்பாட்டைப் பற்றிய பத்தியில் 'கட்டுப்பாடு' வந்த இடமெல்லாம் பாதி நீலம். மாதா கோயில் வழிபாடு நீலம். இறால் தட்டுப்பாடு நீலம். பாடுபட்டுப் பிடித்த மீன் என்பதில் பாடு ஏரிக்குப் போக, பட்டு தனியாக நின்றது. அறக்கட்டளையின் அறிக்கையில் 'மகளிர் மேம்பாடு' பதினோரு இடத்தில் இருந்தது. பதினோரு மேம்பாட்டையும் தொட்டால், மகளிர் ஒருவர்கூட இல்லாத தேவேந்திரனின் பக்கம் திறந்தது. அந்த அறிக்கையில் வேறு எதுவும் அவ்வளவு உண்மையாக இல்லை.

சுபஸ்ரீ பிரதாப்பைக் கூப்பிட்டாள்.

"சார், சாப்பாட்டுல பாதி லிங்க் ஆயிருக்கு."

"பாதியா? முழுசா ஆகணுமே."

"இல்ல சார். சாப்பாடுங்கிற வார்த்தைக்குள்ள இருக்கிற பாடு பாடுக்குப் போவுது. கட்டுப்பாடு, வழிபாடு எல்லாம் அங்கதான் போவுது. படிச்சுப் பாத்தீங்களா?"

"எனக்குத் தமிழ் படிக்க வராதுமா. ஸ்கூல்ல ஃப்ரெஞ்ச் எடுத்தேன்." அதை ஒரு பட்டம்போலச் சொன்னார். "லிங்க் எண்ணிக்கை எவ்ளோ காட்டுது?"

சொன்னாள்.

"பிரமாதம். கை வைக்காதீங்க."

விளைவுகள் தேவேந்திரனின் கைபேசிக்கு வரத் தொடங்கின. நண்டு வாங்க வந்தவர்கள் சாப்பாடு என்ற சொல்லைத் தொட்டுவிட்டு, மீசையோடு மூன்று படங்களையும் 'இந்த வாரம் உங்கள் கூட்டத்துக்குப் பாடு இல்லை என்றால் வலை கட்டக் கூடாது' என்ற எச்சரிக்கையையும் பார்த்து, கீழே இருந்த எண்ணுக்குப் பேசினார்கள். வலைக்கூடத்தில் சுபஸ்ரீ புதுப் படங்களை வாங்கப் போனபோது அவர் கைபேசியில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். தேவேந்திரனுக்குக் காது மந்தம் என்பதால் ஒலியைப் பெருக்கி வைத்திருந்தார்.

"சார், நாங்க அம்பத்தூர்லருந்து குடும்பத்தோட ஞாயித்துக்கிழம வர்றோம். எங்களுக்குப் பாடு இருக்கா?"

"பாடு எங்க ஊர்க்காரங்களுக்குத்தாம்மா."

"வெளியூர்க்காரங்களுக்கு இல்லியா?"

"வெளியூரு இன்னா, எங்க ஊர்லயே ஆம்பளைங்களுக்கு மட்டும்தான்."

"ஐயையோ, ஏன் சார், பொம்பளைங்களுக்குச் சாப்பாடு கெடையாதா?"

தேவேந்திரன் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு சுபஸ்ரீயைப் பார்த்தார். "பாரு சுபா. பாடப் பத்திக் கேக்காத ஆளே இல்ல. மெட்ராஸே கேக்குது."

அழைப்புகள் கூடக்கூட அவர் நடை மாறியது. ஆர்டர் ஒன்றும் வரவில்லை என்பதை ஆதிநாராயணன் சொல்லித்தான் பார்த்தார். ஒரு தலைவனுக்கு ஆர்டரா முக்கியம் என்று கேட்டுவிட்டு, நான்காவது படத்துக்காகப் புதுச் சட்டை எடுக்கப் பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போனார் தேவேந்திரன். நண்டுக்காரர்களின் வியாபாரம் படுத்தது. அதைப் பற்றிக் குழு கூடிப் பேசி, பிரதாப்பின் வழிகாட்டலுக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டது.

நான்காவது படத்தை ஏற்றுவதற்காகச் சுபஸ்ரீ பாடு பக்கத்தைத் திருத்தத் திறந்தாள். அந்தப் பக்கத்தில் கை வைக்க அவளுக்கு அனுமதி இருந்தது. தலைவரின் படம் என்றால் அனுமதி கேட்கவே வேண்டாம். எத்தனை பேர் அங்கே வந்திருக்கிறார்கள் என்று ஓரத்தில் காட்டியது. தளத்தின் மற்ற பக்கங்களுக்கு வந்தவர்களை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு இல்லை. வந்தவர்கள் அங்கிருந்து எங்கே போனார்கள் என்றும் காட்டியது. எங்கேயும் போகவில்லை. போக வழி இல்லை. ஊரே அந்தப் பக்கத்துக்குக் கை காட்டியது. அந்தப் பக்கம் யாருக்கும் கை காட்டவில்லை. ராஜா என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிரதாப் நினைத்திருக்கலாம்.

அவள் படத்தை ஏற்றினாள். பிறகு வாரப் பட்டியலுக்கும் கைபேசி எண்ணுக்கும் நடுவே ஒரு வரி சேர்த்தாள்:

'உங்களுக்குப் பாடு இல்லையா? பச்சையம்மாவிடம் பழவேற்காட்டுக் கருவாடு இருக்கிறது.'

'பழவேற்காட்டுக் கருவாடு' என்பதை அத்தையின் பக்கத்துக்கு இணைத்தாள். ஒரே ஓர் இணைப்பு. தேவேந்திரன் அதைப் பார்ப்பார் என்ற பயம் அவளுக்கு இல்லை. தன் படங்களைத் தாண்டி அவர் தன் பக்கத்தைப் படித்ததே கிடையாது. பிரதாப்புக்குத் தமிழே படிக்க வராது. இருவரின் அறியாமையையும் நம்பித்தான் அவள் அதைச் செய்தாள். அந்த ஊரில் நம்பத்தக்கதாக வேறு எதுவும் அப்போது இல்லை.

சாப்பாட்டைத் தேடி வந்து மீசையில் மோதிக்கொண்டவர்களுக்கு, திரும்பிப் போவதைத் தவிர இப்போது ஒரு வழி இருந்தது. அதில் போனார்கள். தளத்தில் அதிகம் கை காட்டப்பட்ட பக்கமே பச்சையம்மாவைக் கை காட்டியதால், தேடுபொறியும் அவளை மறுபடி மதித்தது. மார்கழி பாதியில் அவள் முகம் முதல் வரிசைக்கு வந்துவிட்டது. வாளை அடுக்கு தாழ்ந்தது. ஒரு நாள் வியாபாரி மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கினான்.

"இன்னாம்மா, சரக்கு கீதா?"

"கீது. உன் காலுக்கு இல்ல."

பொங்கலுக்கு முன்பு பிரதாப் மறுபடி வந்தார். இந்தத் தடவை கறுப்புக் காலணி. அது ஒன்றுதான் அவர் இந்த ஊரில் கற்றுக்கொண்டது. சுவரில் ஒரு வரைபடம் காட்டினார். ஏறிக்கொண்டே போகும் கோடு பாடு பக்கத்துடையது. அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும் கோடுகள் நண்டும் இறாலும். அவற்றுக்கு வெளிர்நிறம் கொடுத்திருந்தார். வெயிலில் தெரியவில்லை.

"இன்னொரு சர்ப்ரைஸ். அந்த அநாதைப் பேஜ் ஞாபகம் இருக்கா? டெலீட் பண்ணலாம்னு இருந்தோம். இப்ப சைட்ல ரெண்டாவது இடம். ஆர்டர்ல முதல் இடம். நாம பண்ண ஸ்ட்ரக்சரோட பவர் இது. அநாதையைத் தத்தெடுத்துட்டோம்."

குழு கைதட்டியது. பச்சையம்மா தட்டவில்லை.

"அதுக்கு எங்கருந்து வர்றாங்க ஆளுங்க?" என்று கேட்டார் ஆதிநாராயணன். அவருக்கு வியாபாரம் படுத்திருந்தது, ஆகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

பிரதாப் எதையோ தட்டிப் பார்த்தார். "பாடு பேஜ்லருந்துதான். அங்க ஒரு லிங்க் இருக்கு. பெஸ்ட் பெர்ஃபார்மிங் லிங்க். நம்ம டூல் போட்டிருக்கும்."

"என் பக்கத்துலயா?" என்றார் தேவேந்திரன். "எங்க, காட்டு."

பக்கம் சுவரில் விரிந்தது. நான்கு தேவேந்திரன்கள் மேலே போனார்கள். பட்டியல் போயிற்று. அந்த வரி நின்றது. தேவேந்திரன் வாயசைத்துப் படித்தார். முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவை புரிந்தது. ஏரியில் பாடு இல்லாதவன் என்றால் ஊரில் ஓரத்தில் நிற்பவன். அந்த வசவை எழுதி, அதன் பக்கத்தில் ஒரு விதவையின் கருவாட்டைத் தொங்கவிட்டு, அதைத் தன் மீசைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள்.

"எவடி எழுதுனது?"

"நான்தான் சித்தப்பா," என்றாள் சுபஸ்ரீ.

"எடு அத்த. இப்பவே எடு."

"சார் சொன்னா எடுத்துடுறேன். எந்த லிங்க்லயும் கை வைக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு."

எல்லோரும் பிரதாப்பைப் பார்த்தார்கள். பிரதாப் வரைபடத்தைப் பார்த்தார். அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் ஆர்டர் என்று காட்ட அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். மகளிர் மேம்பாடு என்ற தலைப்புக்கும் அதுதான் பொருந்தியது.

"தலைவரே, அதை எடுத்தா எல்லாம் சரிஞ்சுடும். அது அப்படியே இருக்கட்டும். வேணும்னா," குரலைத் தாழ்த்தினார், "உங்க இன்னொரு ஃபோட்டோ போட்டுக்கலாம்."

தேவேந்திரன் யோசித்தார். அவமானம் ஒரு பக்கம், ஐந்தாவது படம் ஒரு பக்கம். அதிக நேரம் ஆகவில்லை.

"வேட்டியில எடுத்தது ஒண்ணு கீது," என்றார்.

பச்சையம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவுக்குப் போகும் வழியில் பிரதாப்பின் முன்னால் நின்றாள்.

"தத்து எடுத்தியே நைனா, பொங்கலுக்குப் பொடவ எடுத்துக் குடுக்கறது."

பிரதாப் சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டும் ஒரே சிரிப்பு இல்லை. அதற்குள் அவள் இடுப்பிலிருந்த கைபேசி அடித்தது. படியில் உட்கார்ந்து எடுத்தாள். குரல் ஏரிவரை கேட்டது.

"ஆங், பச்சையம்மாதான் பேசறேன். இன்னாம்மா? பாடு இல்லன்ட்டாங்களா? அவங்க கெடக்கறாங்க வுடு. எனக்கும் இல்ல. வாள கீது, நெத்திலி கீது. உனக்கு எந்த ஊரு சொல்லு."